கிருமியின் நஞ்சிலிருந்தே கேடயம்: பாக்டீரியா நோய்களுக்கான புரதத் தடுப்பூசிகள் உருவாவது எப்படி?

மேல்கோட்டை (கர்நாடகா):

மைசூருக்கு வடக்கே, செல்வநாராயணர் கோயிலாலும் ராமானுஜர் வாழ்ந்த வரலாற்றாலும் அறியப்பட்ட மலையூர் மேல்கோட்டை. இவ்வூரில் பிறக்கும் குழந்தைக்கும், சென்னையிலோ டெல்லியிலோ பிறக்கும் குழந்தைக்கும் ஆறாவது வாரத்தில் அரசு மருத்துவமனைகளில் செலுத்தப்படும் ஊசி ஒன்றுதான். ஐந்து நோய்களைத் தடுக்கும் 'பென்டாவேலன்ட்' தடுப்பூசியே அது. அரை மில்லி லிட்டர் அளவே உள்ள அந்த மருந்து தடுக்கும் ஐந்து நோய்களில் நான்கு பாக்டீரியாக்களால் வருபவை. தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, ஹிப் எனப்படும் கிருமியால் உண்டாகும் மூளைக்காய்ச்சல் மற்றும் நிமோனியா ஆகியவையே அவை.

இந்நோய்களைத் தடுப்பதில் பெரும்பங்கு வகிப்பது புரதம். நூறாண்டுகளுக்கு முன் தொடங்கிய இந்த ஆய்வுப் பாதை, நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளுக்குக் கட்டுப்படாத கிருமிகள் பெருகிவரும் இக்காலத்தில் மீண்டும் முக்கியத்துவம் பெற்றுள்ளது. மருந்துகளை எதிர்க்கும் பாக்டீரியாக்களால் 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 12.7 லட்சம் உயிரிழப்புகள் நேரடியாக நிகழ்ந்ததாக, 2022-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. தடுப்பூசிகளை முழுமையாகப் பயன்படுத்தினால் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளின் தேவையை 22 சதவீதம் வரை குறைக்க இயலும் என்று உலக சுகாதார நிறுவனம் 2024 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கை தெரிவித்தது.

நோயை உண்டாக்குவது கிருமியா, அதன் நஞ்சா?

தொண்டை அடைப்பான் நோயில் குழந்தையின் இதயத்தையும் நரம்புகளையும் தாக்குவது, தொண்டையில் தங்கியிருக்கும் பாக்டீரியா அன்று. அது சுரக்கும் நச்சுப்புரதமே. இதனை 1888-இல் பாரிஸ் நகரின் பாஸ்டியர் நிறுவனத்தில் எமில் ரூ, அலெக்சாந்தர் எர்சின் ஆகியோர் நிறுவினர். கிருமிகளை வடிகட்டி நீக்கிய திரவத்தை விலங்குகளுக்குச் செலுத்தியபோதும் நோயின் அறிகுறிகள் தோன்றியதே அவர்கள் கண்ட சான்று. அந்த நஞ்சுக்கு எதிரான ஆற்றலை விலங்குகளின் குருதியில் உருவாக்க இயலும் என்பதை 1890-இல் எமில் பேரிங்கும் ஜப்பானிய அறிஞர் கிட்டாசாட்டோவும் காட்டினர். மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு 1901-இல் பேரிங்குக்கு வழங்கப்பட்டது.

நஞ்சை அப்படியே மனிதருக்குச் செலுத்த இயலாது. இதற்கான தீர்வை 1920-களின் தொடக்கத்தில் பிரான்சின் காஸ்டன் ராமோன் கண்டறிந்தார். நச்சுப்புரதத்தைப் பார்மலினுடன் சேர்த்து இளஞ்சூட்டில் சில வாரங்கள் வைத்தால், அதன் தீங்கு செய்யும் ஆற்றல் அழிகிறது. அதன் உருவமோ பெரிதும் மாறாமல் இருக்கிறது. உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் அந்த உருவத்தைப் பார்த்துப் பழகிக்கொள்கிறது. பின்னாளில் உண்மையான நஞ்சு உடலில் நுழைந்தால், எதிர்ப்பொருள்கள் உடனே அதனைப் பற்றிச் செயலிழக்கச் செய்கின்றன. இவ்வாறு நஞ்சு நீக்கப்பட்ட புரதமே 'டாக்சாய்டு' எனப்படுகிறது.

ரண ஜன்னிக்கும் இதே முறை பின்பற்றப்பட்டது. இந்நோயின் நஞ்சு மிகக் கொடியது. நோயை உண்டாக்கப் போதுமான அளவு, எதிர்ப்பாற்றலைத் தூண்டுவதற்குத் தேவையான அளவைவிடக் குறைவு. ஆகவே ஒருமுறை ரண ஜன்னி வந்து பிழைத்தவருக்கும் இயற்கையான பாதுகாப்பு கிடைப்பதில்லை; அவரும் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். கருவுற்ற தாய்மார்களுக்கு இத்தடுப்பூசியைச் செலுத்தியதும், மருத்துவமனைப் பிரசவங்கள் அதிகரித்ததும் சேர்ந்து, பச்சிளம் குழந்தைகளின் ரண ஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டதாக 2015-இல் அறிவிக்கும் நிலையை உருவாக்கின.

குன்னூரில் ஒரு நூற்றாண்டு

தென்னிந்தியாவில் இத்துறையின் பழம்பெரும் நிலையம் நீலகிரி மாவட்டம் குன்னூரில் உள்ள பாஸ்டியர் நிறுவனம். அமெரிக்கக் கொடையாளர் ஹென்றி பிப்ஸ் அளித்த நன்கொடையின் உதவியுடன் 1907-இல் திறக்கப்பட்ட இந்நிறுவனம், முதலில் வெறிநாய்க்கடி சிகிச்சைக்காகவே அறியப்பட்டது. 1977-இல் மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ் தன்னாட்சி நிறுவனமானது. தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி ஆகிய மூன்றுக்குமான முத்தடுப்பூசியைத் தயாரித்து, நாட்டின் தடுப்பூசித் திட்டத்துக்கு வழங்கிய அரசு நிறுவனங்களுள் இதுவும் ஒன்று.

இத்தடுப்பூசியின் தயாரிப்பில் ஒவ்வொரு படியும் நுட்பமானது. தொண்டை அடைப்பான் பாக்டீரியா, இரும்புச்சத்து குறைந்த ஊடகத்தில் வளரும்போதுதான் மிகுதியான நஞ்சைச் சுரக்கும். ஆகவே ஊடகத்தில் இரும்பின் அளவைக் கவனமாகக் கட்டுப்படுத்த வேண்டும். பிறகு கிருமிகளைப் பிரித்து நீக்கி, பார்மலின் சேர்த்து நஞ்சை முறித்து, புரதத்தைத் தூய்மைப்படுத்தி, அலுமினிய உப்பின் மீது படிய வைக்கின்றனர். ஊசி போட்ட இடத்தில் எதிர்ப்பு மண்டலத்தின் கவனத்தை ஈர்த்து, புரதத்துக்கு எதிரான ஆற்றலை வலுப்படுத்துவது இந்த உப்பின் பணி. நஞ்சு முற்றிலும் நீங்கிவிட்டதா, பின்னர் மீண்டும் தலைதூக்குகிறதா என்பதைச் சோதித்த பிறகே மருந்து வெளியே அனுப்பப்படும்.

உற்பத்தி நெறிமுறைகள் முறையாகப் பின்பற்றப்படவில்லை என்ற காரணத்தால், 2008 ஜனவரியில் குன்னூர் பாஸ்டியர் நிறுவனம், கிண்டி பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வகம், இமாச்சலப் பிரதேசம் கசௌலியின் மத்திய ஆராய்ச்சி நிறுவனம் ஆகிய மூன்றின் உற்பத்தி உரிமங்களும் நிறுத்தி வைக்கப்பட்டன. நாட்டின் தேவைக்குத் தனியார் நிறுவனங்களைப் பெரிதும் சார்ந்திருக்க வேண்டிய நிலை ஏற்பட்டது. கடும் விமர்சனங்களுக்குப் பிறகு 2010-இல் அத்தடை விலக்கிக்கொள்ளப்பட்டது. புரதத் தடுப்பூசியில் அறிவியல் எவ்வளவு முக்கியமோ, உற்பத்திக் கூடத்தின் தூய்மையும் ஒழுங்கும் அவ்வளவு முக்கியம் என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

சர்க்கரைப் போர்வையும் புரதத் துணையும்

எல்லாப் பாக்டீரியாக்களும் நஞ்சை மட்டும் நம்பியிருப்பதில்லை. நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸ், ஹிப், டைபாய்டு கிருமி ஆகியவை தம்மைச் சுற்றி ஒரு சர்க்கரைப் போர்வையை உருவாக்கிக்கொள்கின்றன. பல சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்த இப்போர்வை, வெள்ளை அணுக்கள் கிருமியை விழுங்குவதைத் தடுக்கிறது. அப்போர்வைக்கு எதிராக எதிர்ப்பொருள் உருவானால் கிருமி அழிந்துவிடும்.

இதிலும் ஓர் இடர்ப்பாடு இருந்தது. சர்க்கரையை மட்டும் தடுப்பூசியாகச் செலுத்தினால், இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளின் உடல் அதனைப் பொருட்படுத்துவதில்லை. நோய் எதிர்ப்பு மண்டலத்தின் 'டி' செல்கள் புரதத்தை மட்டுமே முறையாக அடையாளம் காண்பவை. அவற்றின் உதவியின்றி உருவாகும் எதிர்ப்பாற்றல் வலுவற்றது. நினைவில் நிற்பதும் இல்லை. நோய் அதிகம் தாக்கும் வயதிலேயே தடுப்பூசி பயனற்றுப் போனது.

சர்க்கரையைப் புரதத்துடன் பிணைத்துக் கொடுத்தால் உடல் அதனை ஏற்கும் என்பதை 1929-இல் ஆஸ்வால்ட் ஏவரியும் வால்தர் கோபலும் ஆய்வகத்தில் காட்டினர். அக்கருத்து குழந்தைகளுக்கான தடுப்பூசியாக வடிவம் பெற 1980-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களைச் சேர்ந்த ஜான் ராபின்ஸ், ரேச்சல் ஷ்னீர்சன் ஆகியோரின் ஆய்வுகள் இதில் முன்னோடியாக அமைந்தன. சர்க்கரையை அடையாளம் காணும் 'பி' செல், அதனுடன் ஒட்டியிருக்கும் புரதத்தையும் சேர்த்தே விழுங்குகிறது. புரதத்தின் துண்டுகளை வெளியே காட்டி, 'டி' செல்லின் துணையை நாடுகிறது. துணை கிடைத்தவுடன் வலுவான எதிர்ப்பொருளும் நீடித்த நினைவாற்றலும் உருவாகின்றன. இவையே 'கான்ஜுகேட்' அல்லது இணைப்புத் தடுப்பூசிகள் எனப்படுகின்றன.

இப்பணிக்குப் பெரும்பாலும் பயன்படும் புரதம், ரண ஜன்னி டாக்சாய்டு அல்லது 'சிஆர்எம்197' ஆகும். பின்னது, தொண்டை அடைப்பான் நச்சுப்புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியதால் நஞ்சற்றுப் போன வடிவம். ஆகவே பார்மலின் கொண்டு நஞ்சை முறிக்க வேண்டிய தேவையும் இதற்கு இல்லை.

இந்தியாவின் பங்கு

இணைப்புத் தடுப்பூசிகளில் இந்திய நிறுவனங்கள் உலக அளவில் முன்னிலை வகிக்கின்றன. ஹைதராபாத்தின் பாரத் பயோடெக் நிறுவனம் டைபாய்டு கிருமியின் 'விஐ' சர்க்கரையை ரண ஜன்னி டாக்சாய்டுடன் இணைத்து உருவாக்கிய தடுப்பூசி, உலக சுகாதார நிறுவனத்தின் முன்தகுதியைப் பெற்ற முதல் டைபாய்டு இணைப்புத் தடுப்பூசியாகும். ஆறு மாதக் குழந்தை முதல் இதனைச் செலுத்தலாம். நேபாளத்தில் சுமார் 20,000 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில் ஒரே தவணையில் ஏறத்தாழ 82 சதவீதப் பாதுகாப்பு கிடைத்தது 2019-இல் தெரியவந்தது. அதே நகரின் பயாலஜிக்கல் ஈ நிறுவனம் 'சிஆர்எம்197' புரதத்தைப் பயன்படுத்தி மற்றொரு டைபாய்டு தடுப்பூசியைத் தயாரித்துள்ளது.

இதன் தேவை எத்தகையது என்பதை இந்தியாவில் நடைபெற்ற கண்காணிப்பு ஆய்வு எடுத்துக்காட்டியது. வேலூர், டெல்லி, கொல்கத்தா, புனே ஆகிய இடங்களில் சுமார் 24,000 குழந்தைகள் 2017 முதல் 2020 வரை கண்காணிக்கப்பட்டனர். நகர்ப்புறங்களில் ஆண்டுக்கு ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 576 முதல் 1,173 பேர் வரை டைபாய்டால் பாதிக்கப்பட்டது இரத்தப் பரிசோதனையில் உறுதியானது. புனே மாவட்டக் கிராமப் பகுதியில் இந்த எண்ணிக்கை 35 மட்டுமே. 2016-இல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் பெரும்பாலான மருந்துகளுக்குக் கட்டுப்படாத டைபாய்டு பரவியதைத் தொடர்ந்து, 2019-இல் அந்நாடு இத்தடுப்பூசியை உலகிலேயே முதலாவதாகத் தனது வழக்கமான தடுப்பூசித் திட்டத்தில் சேர்த்தது.

நிமோகாக்கஸ் தடுப்பூசி இந்தியாவில் 2017-இல் சில மாநிலங்களில் தொடங்கி, 2021-இல் நாடு முழுவதற்கும் விரிவுபடுத்தப்பட்டது. புனேயின் சீரம் நிறுவனம் தயாரித்த 10 வகைக் கிருமிகளுக்கான தடுப்பூசி 2020 டிசம்பரில் அறிமுகமானது. இத்தடுப்பூசி 6-ஆம் வாரம், 14-ஆம் வாரம், 9-ஆம் மாதம் ஆகிய மூன்று தவணைகளில் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகச் செலுத்தப்படுகிறது. பென்டாவேலன்ட் தடுப்பூசி 2011 டிசம்பரில் முதன்முதலாகத் தமிழகத்திலும் கேரளத்திலுமே அறிமுகமானது என்பது குறிப்பிடத்தக்கது.

சர்க்கரையே வேண்டாம், புரதம் மட்டும் போதுமா?

இணைப்புத் தடுப்பூசிகளுக்கும் எல்லை உண்டு. நிமோகாக்கஸ் கிருமியில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. ஒவ்வொன்றின் சர்க்கரைப் போர்வையும் வேறு. பத்து வகைகளைத் தடுத்தால், எஞ்சியவை அவ்விடத்தைப் பிடிக்க முயல்கின்றன. டைபாய்டு தடுப்பூசி, 'விஐ' போர்வை இல்லாத பாரா டைபாய்டு கிருமியைத் தடுப்பதில்லை. எல்லா வகைகளுக்கும் பொதுவான ஒரு புரதத்தைக் கண்டறிந்தால் ஒரே தடுப்பூசி அனைத்தையும் தடுக்கும் என்ற எண்ணமே அடுத்தகட்ட ஆய்வுக்கு வித்திட்டது.

அந்த வழியில் கிடைத்த பெரிய வெற்றி, 'பி' வகை மெனிங்கோகாக்கஸ் மூளைக்காய்ச்சலுக்கான தடுப்பூசி. அக்கிருமியின் சர்க்கரைப் போர்வை மனித நரம்புச் செல்களில் உள்ள மூலக்கூற்றை ஒத்திருப்பதால், உடல் அதனை எதிரியாகக் கருதுவதில்லை. இத்தாலியின் ரினோ ராப்புவோலி தலைமையிலான குழு கிருமியின் மரபணுத் தொகுதி முழுவதையும் கணினியில் ஆராய்ந்து, மேற்பரப்பில் இருக்கக்கூடிய புரதங்களைத் தேர்ந்தெடுத்தது. அவற்றை வேறு பாக்டீரியாக்களில் உற்பத்தி செய்து, ஒவ்வொன்றாகச் சோதித்தது. கிருமியை முதலில் வளர்த்து ஆராய்வதற்கு மாறாக, மரபணுவிலிருந்து தொடங்கிய இம்முறை 'தலைகீழ்த் தடுப்பூசியியல்' எனப் பெயர் பெற்றது. 2013-இல் ஐரோப்பாவில் உரிமம் பெற்ற இத்தடுப்பூசியை, 2015-இல் பிரிட்டன் பச்சிளம் குழந்தைகளின் அட்டவணையில் சேர்த்தது.

காசநோயிலும் இத்தகைய முயற்சி நடைபெறுகிறது. செங்கல்பட்டு பகுதியில் 1968-இல் தொடங்கி 15 ஆண்டுகள் தொடர்ந்த மாபெரும் ஆய்வு, பி.சி.ஜி. தடுப்பூசி பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுக்கவில்லை என்று காட்டியது. குழந்தைகளின் கடுமையான காசநோய் வகைகளைத் தடுப்பதால் பி.சி.ஜி. இன்றும் தொடர்கிறது. காசநோய்க் கிருமியின் இரண்டு புரதங்களை ஒன்றிணைத்து உருவாக்கிய 'எம்72' தடுப்பூசி, ஆப்பிரிக்க நாடுகளில் நடந்த இடைநிலை ஆய்வில் மூன்றாண்டுகளில் ஏறத்தாழ 50 சதவீதப் பாதுகாப்பு அளித்தது. அதன் இறுதிக்கட்ட ஆய்வு 2024 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவில் தொடங்கியது.

தோல்விகள் கற்றுத்தந்தவை

இப்பாதையில் வெற்றிகளைவிடத் தோல்விகளே மிகுதி. மருத்துவமனைத் தொற்றுகளுக்குக் காரணமான ஸ்டேஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமியின் ஒரு புரதத்தைக் கொண்டு உருவாக்கிய தடுப்பூசி, இதய அறுவை சிகிச்சை நோயாளிகள் சுமார் 8,000 பேரிடம் சோதிக்கப்பட்டது. எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. தொற்று ஏற்பட்டவர்களுள் தடுப்பூசி பெற்றோரிடையே உயிரிழப்பு அதிகமாகக் காணப்பட்டதால் 2011-இல் அந்த ஆய்வு நிறுத்தப்பட்டது. நிமோகாக்கஸ் புரதங்களை இணைப்புத் தடுப்பூசியுடன் சேர்த்து காம்பியாவில் நடத்திய ஆய்வில், குழந்தைகளின் மூக்கில் கிருமி தங்குவது கூடுதலாகக் குறையவில்லை. ஆய்வகத்தில் எதிர்ப்பொருள் உருவாவது வேறு, மனிதரிடம் நோய் தடுக்கப்படுவது வேறு என்பதே இவற்றிலிருந்து கிடைக்கும் பாடம்.

கக்குவான் இருமலின் கதையும் இத்தகையதே. அரசுத் திட்டத்தில் உள்ள தடுப்பூசி, கொல்லப்பட்ட முழுக் கிருமியைக் கொண்டது; அதனால் குழந்தைக்குக் காய்ச்சலும் ஊசியிட்ட இடத்தில் வீக்கமும் வரலாம். கிருமியின் சில புரதங்களை மட்டும் பிரித்தெடுத்த தடுப்பூசி, ஜப்பானில் 1981-இல் பயன்பாட்டுக்கு வந்தது. தனியார் மருத்துவமனைகளில் 'வலியில்லா தடுப்பூசி' என வழங்கப்படுவது இதுவே. காய்ச்சலும் வலியும் குறைவு என்றாலும், இதன் பாதுகாப்பு விரைவில் தேய்கிறது. இதற்கு முற்றிலும் மாறிவிட்ட அமெரிக்காவில் 2012-இல் 48,000-க்கும் மேற்பட்டோர் கக்குவான் இருமலால் பாதிக்கப்பட்டனர். முழுக் கிருமித் தடுப்பூசியைப் பயன்படுத்தும் நாடுகள் முதல் தவணைகளுக்கு அதனையே தொடரலாம் என்று 2015-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

டாக்சாய்டு தரும் பாதுகாப்பு வாழ்நாள் முழுவதும் நீடிப்பதில்லை. 6, 10, 14-ஆம் வாரங்களில் முதல் மூன்று தவணைகளை முடித்த பிறகு, 16 முதல் 24 மாதங்களுக்குள் ஒன்றும், 5 முதல் 6 வயதுக்குள் ஒன்றும் என இரண்டு ஊக்கத் தவணைகள் முத்தடுப்பூசியாகச் செலுத்தப்படுகின்றன. 10 வயதிலும் 16 வயதிலும் ரண ஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்து ஓர் ஊசி போடப்படுகிறது. கருவுற்ற பெண்களுக்கும் முன்பு ரண ஜன்னிக்கு மட்டும் போடப்பட்ட ஊசிக்குப் பதிலாக இந்தக் கூட்டு ஊசியே இப்போது வழங்கப்படுகிறது.

கைக்குழந்தைப் பருவத் தவணைகளைத் தவறாமல் போடும் பெற்றோர் பலர், பள்ளிப் பருவத் தவணைகளை மறந்துவிடுகின்றனர். 2016-இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் தொண்டை அடைப்பான் பரவி உயிரிழப்புகள் நேர்ந்தபோது, தடுப்பூசி போடாதவர்களும் தவணைகளை முழுமையாக்காதவர்களும் பெரிதும் பாதிக்கப்பட்டனர். நோய் வந்த பிறகு நஞ்சை முறிக்கும் மருந்து எளிதில் கிடைப்பதில்லை. அம்மருந்தும், திசுக்களில் ஏற்கெனவே ஒட்டிவிட்ட நஞ்சை நீக்காது.

புரதத் தடுப்பூசிகளைப் பாதுகாப்பதிலும் கவனம் தேவை. இவற்றை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் வைக்க வேண்டும். வெப்பத்தைப் போலவே உறைபனியும் இவற்றுக்குப் பகை. உறைந்தால் அலுமினிய உப்பு கட்டிகளாகத் திரண்டு, மருந்து வீரியம் இழக்கிறது. குப்பியைக் குலுக்கி வைத்தால் வண்டல் விரைவாகப் படிவதைக் கொண்டு செவிலியர்கள் இதனைக் கண்டறிகின்றனர். உறைந்த குப்பியை உருக்கிப் பயன்படுத்தக் கூடாது.

எஞ்சியுள்ள கேள்வி

தடுப்பூசித் தயாரிப்பில் உலகின் முன்னணி நாடாக இந்தியா விளங்கினாலும், புதிய புரதத் தடுப்பூசிகள் பெரும்பாலும் தனியார் ஆலைகளிலேயே உருவாகின்றன. செங்கல்பட்டில் சுமார் 100 ஏக்கரில் ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம் அமைக்க 2012-இல் மத்திய அரசு 594 கோடி ரூபாய் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. பென்டாவேலன்ட் உள்ளிட்ட தடுப்பூசிகளைத் தயாரிப்பதே அதன் நோக்கம். கட்டடங்கள் எழுந்த பின்னரும் உற்பத்தி தொடங்காத நிலையில், 2021 மே மாதம் தமிழக முதல்வர் மு.க.ஸ்டாலின் அவ்வளாகத்தைப் பார்வையிட்டு, அதனை மாநில அரசுக்குக் குத்தகைக்கு அளிக்குமாறு பிரதமரைக் கேட்டுக்கொண்டார்.

ஆண்டுதோறும் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறக்கும் நாட்டில், தடுப்பூசி வரத்து ஒரு மாதம் தடைபட்டாலும் லட்சக்கணக்கான குழந்தைகளின் தவணைகள் தள்ளிப்போகும். மேல்கோட்டை போன்ற சிற்றூர்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களை நம்பியிருக்கும் குடும்பங்களுக்கு, தனியார் மருத்துவமனையில் விலை கொடுத்து வாங்கும் மாற்று வழி எளிதன்று. அக்குழந்தைகளின் பாதுகாப்பு, அரசு வழங்கும் இலவசக் குப்பி உரிய நாளில், உரிய குளிரில், உரிய தரத்துடன் அங்கு வந்து சேர்வதையே சார்ந்துள்ளது.